கியூப் ரிஜிஸ்டரில் என் கையெழுத்து

2006ஆம் ஆண்டு. பி.இ. சிவில் முடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கோவைக்கு வெளியே ஓர் அடுக்குமாடிக் கட்டடம்: கீழே வண்டி நிறுத்த ஸ்டில்ட், அதற்கு மேல் நான்கு மாடி, மொத்தம் 22 தூண்கள். நான்தான் சைட் இன்ஜினியர். கம்பிக் கணக்கு, சிமெண்ட் மூட்டைக் கணக்கு, கூலிக் கணக்கு எல்லாம் என் பொறுப்பு. கியூப் ரிஜிஸ்டரும் என் பொறுப்புதான்.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கியூப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். தூணுக்கோ தளத்துக்கோ கான்கிரீட் போடும்போது, அதே கலவையில் கொஞ்சம் எடுத்து ஒவ்வொரு பக்கமும் 150 மில்லிமீட்டர் உள்ள கன சதுர இரும்பு அச்சுகளில் நிரப்பிக் குத்தி வைப்போம். மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் போடுவோம். 7ஆம் நாள் சிலவற்றையும் 28ஆம் நாள் மீதியையும் மெஷினில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்று எழுதுவோம். எம்25 என்றால் 28ஆம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும். கான்கிரீட் இறுகியபின் அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் கண்ணால் தெரியாது. அந்தக் கட்டைகள்தான் சாட்சி.

எங்கள் சைட்டில் சாட்சியைத் தயார் செய்யும் வழக்கம் இருந்தது. கியூப்புக்கென்று தனிக்கலவை. ஒரு சட்டி சிமெண்ட் கூடுதல், தண்ணீர் அளந்து, நன்றாகக் குத்தி. நான் சேர்வதற்கு முன்பே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. "இங்க இப்படித்தான் தம்பி" என்று சொன்னார்கள். அஸ்திவாரத்துக்கான அத்தனை செட்டுக்கும் தேதி எழுதி, எண் எழுதி, கடைசிக் கட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். ஒரு நாள்கூட அது எனக்கு உறுத்தவில்லை என்பதை இன்று எழுதும்போது வலிக்கிறது. லஞ்சம் வாங்கவில்லை, பொருளைத் திருடவில்லை, ஆகவே நான் நேர்மையானவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கட்டடத்தின் ஸ்ட்ரக்சுரல் டிசைனர் அறுபதைத் தாண்டியவர். அஸ்திவார வேலை முடிந்ததும் தூண் கம்பி பார்க்க வந்தார். பார்த்துவிட்டு ரிஜிஸ்டரைக் கேட்டார். விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே போனார். 34.2, 34.6, 34.1, 34.8, 34.3. பக்கம் திருப்பினார். அங்கேயும் 34.

"தம்பி, கான்கிரீட் இவ்வளவு ஒழுங்கா நடந்துக்காதே" என்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. ஒரே கலவையில், ஒரே கையால் போட்ட மூன்று கட்டைகளே ஒன்றுக்கொன்று முன்பின் இருக்கும். சராசரியிலிருந்து 15 சதவீதம் வரை விலகலைக் கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 என்ற இந்திய விதிநூலே ஏற்றுக்கொள்கிறது. மழை நாள், வெயில் நாள், ஈர மணல், காய்ந்த மணல், வேறு வேறு லோடு ஜல்லி என்று இரண்டு மாதம் போட்ட கான்கிரீட் எப்படி 34ஐ விட்டு அசையாமல் நிற்கும்? அவருக்கு யாரும் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. எண்களே காட்டிக்கொடுத்தன.

அவர் சத்தம் போடவில்லை. இந்த எண்களை என்னால் நம்ப முடியாது என்று மேனேஜரிடம் சொல்லி, மண் மூடிய இரண்டு அஸ்திவாரங்களைத் தோண்டவைத்து, கோர், அதாவது இறுகிய கான்கிரீட்டைத் துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு, எடுத்துச் சோதிக்கச் சொன்னார். இரண்டும் தேறின. மற்றவற்றுக்கு எம்20 என்று குறைத்து வைத்துக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். தாங்கும் என்று வந்த பிறகுதான் மேலே போக விட்டார். நான் பொய் எழுதியதால் அவர் தன் சொந்த நேரத்தில் மூன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். அதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அன்று டீக்கடையில் அவர் எனக்கு அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி கதையைச் சொன்னார். ஓர் ஓட்டலின் முற்றத்தில், கூரையிலிருந்து இரும்புத் தண்டுகளில் தொங்கும் நடைபாலங்கள், இரண்டாம் மாடி உயரத்தில் ஒன்று, அதற்கு நேர் மேலே நான்காம் மாடி உயரத்தில் இன்னொன்று. முதல் வரைபடத்தில் ஒரே நீளத் தண்டு இரண்டு பாலத்தையும் தனித்தனியாகத் தாங்கியது. செய்வதற்குக் கஷ்டம் என்று அதை இரண்டு தண்டாக மாற்றினார்கள். கீழ்ப்பாலம் மேல்பாலத்தின் உத்தரத்தில் தொங்கியது. "கிணத்துக் கயித்துல ரெண்டு பேர் தனித்தனியா பிடிச்சுத் தொங்கறது வேற. ஒருத்தன் கயித்தையும், இன்னொருத்தன் அவன் காலையும் பிடிச்சுத் தொங்கறது வேற. மேல இருக்கிறவன் கைக்கு ரெண்டு ஆள் பாரம்" என்றார். மேல்பாலத்தின் இணைப்புக்கு விழுந்த சுமை இரட்டிப்பானது. மாற்றிய வரைபடத்தில் பொறியாளரின் முத்திரை இருந்தது. கணக்கு போடப்படவில்லை. 1981 ஜூலை 17 மாலை, கீழே கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில் பாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். பொறுப்பான பொறியாளர்களின் லைசன்ஸை மிசோரி மாநிலம் பறித்தது.

"நீ போட்ட கையெழுத்தும் அதே ஜாதிதான்" என்று சொல்லிவிட்டு டீக்குக் காசு கொடுத்தார்.

அடுத்த நாளிலிருந்து உண்மையான கியூப் போட ஆரம்பித்தேன். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் நடந்தது வேறு.

ஸ்டில்ட் தூண்களில் ஆறு ஒரே நாளில் போட வேண்டியிருந்தது. மதியம் கம்பி லாரி வந்ததால் நான் எடை பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கலவை மெஷினிலிருந்து ரசம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரியிடம் கேட்டேன். "வைப்ரேட்டர் நீடில் காலைலயே போயிருச்சுங்க. கம்பி நெருக்கமா இருக்குது, கெட்டியாப் போட்டா கீழ இறங்க மாட்டேங்குதுங்க. தேன்கூடு விழுந்துச்சுன்னா நீங்கதான சத்தம் போடுவீங்க? அதான் கொஞ்சம் தண்ணி சேத்துனோம்" என்றார்.

வைப்ரேட்டர் நீடில் என்பது கான்கிரீட்டுக்குள் விட்டு அதிரவைத்து இறுக்கும் குழாய். கலவை சரியாக இறங்காமல் உள்ளே நின்றுவிடும் வெற்றிடங்களைத்தான் தேன்கூடு என்போம். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ. எம்25க்கு நாங்கள் வைத்திருந்த அளவு மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர். அதற்கு மேல் ஒரு அரை வாளி, 5 லிட்டர், சேர்த்தாலே விகிதம் 0.5லிருந்து 0.6 ஆகிவிடும். சிமெண்டோடு சேராத தண்ணீர் பிறகு வெளியேறி, போன இடமெல்லாம் நுண்துளையாக நிற்கும், பலம் குறையும். இதெல்லாம் எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் அன்று நாலு தூண் முடிந்திருந்தது, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, ஆட்கள் எட்டு பேர் நின்றார்கள். "இனிமேல் சேர்க்காதீங்க" என்று மட்டும் சொன்னேன். நிறுத்தவில்லை. மெஷினிலிருந்து நேராக எடுத்து ஆறு கியூப் போட்டேன், அது ஒன்றுதான் நான் செய்தது.

7ஆம் நாள் மூன்றை உடைத்தோம். சராசரி 12.6. பதினாறு பதினேழாவது வந்திருக்க வேண்டும். மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "28 நாள் வரட்டும் தம்பி, ஏறிடும்" என்றார். நானும் சரி என்று வந்துவிட்டேன். அன்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால், அந்த ஆறு தூண்களை உடைத்து மறுபடி போடுவது இரண்டு மூன்று நாள் வேலை. மேலே ஒன்றும் இல்லை, வெறும் தூண்கள். நான் வாயால் சொன்னேன். வாயால் சொன்னது காற்றோடு போயிற்று. பதினாறாம் நாள் அவற்றின் மேல் முதல் தளத்தின் கான்கிரீட் ஏறியது. நானே நின்று போட்டேன்.

28ஆம் நாள் வந்த சராசரி 18.4. எந்த வகையில் கணக்கிட்டாலும் தேறாது.

மேனேஜர் கெட்டவர் இல்லை. மேலே இருந்து அவருக்கும் நெருக்கடி, பில் நின்றிருந்தது. "இன்னொரு செட் உடைச்சுக்கலாம் தம்பி, நான் லேபில் பேசிக்கறேன். நாளைக்கு ரிப்போர்ட் வந்துரும். நீ பழைய பக்கத்தை மட்டும் மாத்தி எழுதிடு" என்றார். இரண்டு மாதத்துக்கு முன்பு இதே வேலையைக் கேள்வி இல்லாமல் செய்துகொண்டிருந்தவன் நான். அவர் கேட்டதில் புதிதாக ஒன்றும் இல்லை. வீட்டில் அக்கா கல்யாணக் கடன் இருந்தது, என் சம்பளம் வந்தால்தான் வட்டி கட்ட முடியும்.

இரவு சைட் ஷெட்டில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். முதலில் எழுதியது இரண்டு பக்கம், யார் யார் என்ன தப்புச் செய்தார்கள் என்று. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். தேதி, ஆறு தூண்களின் எண்கள், கியூப் முடிவுகள், அன்று வைப்ரேட்டர் வேலை செய்யவில்லை, தண்ணீர் கூடிவிட்டது, அதைப் பார்த்தும் நான் வேலையை நிறுத்தவில்லை. டிசைனர் பார்த்துச் சொல்லும்வரை இந்தத் தூண்களுக்கு மேல் கூடுதல் பாரம் ஏற்ற வேண்டாம். கீழே கையெழுத்து. காலையில் மேனேஜர் மேசையில் வைத்தேன், ஒரு நகலை டிசைனருக்குக் கொடுத்தேன், இன்னொன்றை மேஸ்திரியிடம் படித்துக் காட்டினேன்.

பல வருடம் கழித்து, கனடாவின் கியூபெக் பாலம் விழுந்த கதையைப் படித்தபோது என் கடிதத்தின் கடைசி வரி நினைவுக்கு வந்து உடம்பு சிலிர்த்தது. 1907இல் அந்தப் பாலத்தின் கீழ்ச் சட்டங்கள் வளைவதைத் தளத்தில் இருந்த இளம் பொறியாளர் பார்த்துவிட்டு, ஆலோசகரைச் சந்திக்க நியூயார்க்குக்கே போனார். ஆலோசகர் உடனே தந்தி கொடுத்தார், விஷயத்தைப் பரிசீலிக்கும்வரை பாலத்தில் பாரம் ஏற்றாதீர்கள் என்று. ஆனால் தந்தி போனது பென்சில்வேனியாவில் இருந்த இரும்புக் கம்பெனிக்கு. கியூபெக்கில் ஆட்கள் வேலை செய்துகொண்டே இருந்தார்கள். ஆகஸ்ட் 29 மாலை பாலம் விழுந்து 75 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை எழுதினால் மட்டும் போதாது, பாரம் ஏற்றுகிற கைக்கு அது போய்ச் சேர வேண்டும். மேஸ்திரியிடம் படித்துக் காட்டியது அன்று ஏதோ தோன்றிச் செய்தது. இன்று என் ஜூனியர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறேன்.

டிசைனர் வந்தார். தளத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கம்பியில் படாமல் ஆறு தூண்களிலும் கோர் எடுத்தோம். கோர்களின் சராசரி, கேட்ட பலத்தில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும், தனியாக எதுவும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. எம்25க்கு 21.25, 18.75. மூன்று தூண்கள் தேறின. மூன்று தேறவில்லை, ஒன்றில் 16.9 வந்தது. அந்த மூன்றுக்கும் சுற்றிலும் 100 மில்லிமீட்டர் ஜாக்கெட் போட்டோம்: பழைய பரப்பைக் கொத்தி, புதுக்கம்பி வைத்து, துளையிட்டு இணைத்து, மறுபடி கான்கிரீட். ஒரு மாதம் வேலை தள்ளிப்போயிற்று. இந்த முறை வைப்ரேட்டருக்கு ஸ்பேர் நீடில் என் மேசைக்கு அடியில் இருந்தது.

என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. தூரத்து சைட்டுக்கு மாற்றினார்கள், அந்த வருட இன்கிரிமெண்ட் வரவில்லை, பத்து மாதத்தில் நானே விலகினேன். வட்டி கட்ட அப்பா ஒரு மாட்டை விற்றார். இதைச் சொல்லாமல் நேர்மை பற்றிப் பேசுவது இளைஞர்களுக்குச் செய்யும் துரோகம் என்று நினைக்கிறேன். முடியாது என்று சொல்ல வேண்டிய நாள் வரும். அன்று ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் இருந்தால் குரல் நடுங்காது. முதல் சம்பளத்திலிருந்தே அதைச் சேர்க்கத் தொடங்குங்கள் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்கிறேன். என் கணக்கில் அது கம்பிக் கணக்கைப் போலவே தொழிலின் பகுதி.

தமிழில் 'தொழில்' என்ற சொல் எல்லாரையும் சேர்த்துக்கொள்கிறது. தச்சுத் தொழில், வக்கீல் தொழில், டாக்டர் தொழில். மேஸ்திரிக்கும் தொழில் தர்மம் உண்டு, பலரிடம் என்னைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன். அப்படியானால் பொறியாளரின் தொழிலில் தனியாக என்ன இருக்கிறது? நான் யோசித்த வரையில் இது: மேஸ்திரி பூசிய சுவர் கோணலாக இருந்தால் வீட்டுக்காரர் கண்ணாலேயே பிடித்துவிடுவார். தூணுக்குள் இருப்பதை அவர் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. எனக்குச் சம்பளம் கொடுப்பவர் அந்தத் தூணுக்குக் கீழே தூங்கப் போவதில்லை. தூங்கப் போகிறவருக்கு என் பெயர்கூடத் தெரியாது. அவருக்காக அந்த இடத்தில் இருக்கும் ஒரே ஆள் நான்தான். டாக்டருக்கு நோயாளி எதிரில் உட்கார்ந்திருக்கிறார். நம் நோயாளி இன்னும் பிளாட் பார்க்கவே வரவில்லை. பொதுமக்களின் பாதுகாப்பே முதன்மை என்று பொறியாளர் சங்கங்களின் நெறிமுறைகள் ஆரம்பிப்பது இதனால்தான். முதலாளிக்கு உண்மையாக இருப்பதும் அந்த நெறிமுறைகளில் உண்டு, ஆனால் அடுத்த வரிசையில்.

நம் நாட்டில் வக்கீலுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, ஆர்க்கிடெக்ட்டுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, டாக்டர் பதிவு செய்யாமல் ஊசி போட முடியாது. பொறியாளருக்கு அப்படியொரு மத்தியச் சட்டம் இன்னும் இல்லை. இலங்கை 2017இலேயே பொறியியல் பேரவைக்குச் சட்டம் இயற்றிவிட்டது. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள் பதிவுபெற்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் பொறுப்பைக் கேட்கின்றன, அது நல்ல தொடக்கம். ஆனாலும் தப்பாகக் கையெழுத்துப் போட்டால் நாளை முதல் நீ பொறியாளர் இல்லை என்று நாடு முழுக்கச் செல்லும்படி சொல்ல ஓர் அமைப்பு வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2006இல் அப்படி ஒன்று இருந்திருந்தால், எனக்குப் பயம் இருந்திருக்கும். மேனேஜரிடம் சொல்ல ஒரு காரணமும் இருந்திருக்கும்: "சார், என் லைசன்ஸ் போயிடும்." தனி ஆளாக மனசாட்சியைச் சொல்லி மறுப்பதைவிட அது எவ்வளவோ எளிது.

2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். நான் அப்போது சென்னையில் வேறொரு கட்டடத்தில் இருந்தேன். டிவியில் பார்த்துவிட்டு இரவே சைட்டுக்குப் போய் எங்கள் கியூப் ரிஜிஸ்டர்களை எடுத்துவைத்து விடியும்வரை பக்கம் பக்கமாகப் பார்த்தேன். எண்கள் சிதறியிருக்கின்றனவா என்று பார்த்தேன். 27, 31, 29, 33, 26. அப்படிச் சிதறிய எண்களைப் பார்த்து அழுதது அந்த இரவில்தான்.

இன்று என்னிடம் வேலை செய்கிறவர்களுக்கு நான் வகுப்பு எடுப்பதில்லை. கான்கிரீட் நாளுக்கு முந்தின மாலை சைட்டுக்குப் போய் இரண்டாவது வைப்ரேட்டரை ஓட்டிக் காட்டச் சொல்வேன். மணல் ஈரமா என்று கையில் பிடித்துப் பார்த்து, ஈரம் இருந்தால் தண்ணீரைக் குறைக்கச் சொல்வேன். கலவை கெட்டியாக இருந்தால், தண்ணீர் கூட்டாமலே அதை இளக்கும் அட்மிக்சர் எங்கே இருக்கிறது என்று மேஸ்திரிக்கே தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு அந்த மேஸ்திரிக்கு முன்னால் இருந்தவை இரண்டே வழிகள், தேன்கூடு அல்லது தண்ணீர். மூன்றாவது வழியை ஏற்பாடு செய்து வைத்திருக்க வேண்டியவன் நான். அதைச் செய்யாமல் அவரைத் திட்டியிருந்தால் அது அநியாயம்.

பிறகு கையெழுத்து. நேரில் பார்க்காததற்குப் போடாதே. பார்த்த நேரத்தைப் பக்கத்தில் எழுது. 7ஆம் நாள் எண் குறைந்தால் அன்று மாலைக்குள் எழுத்தில் கொடு, மூன்றே வரி போதும். யாரையும் குற்றம் சொல்லாதே, நடந்ததை எழுது, உன் தவறு இருந்தால் அதையும் சேர்த்து எழுது. அப்படி எழுதிய கடிதத்தை யாராலும் சுலபமாக ஒதுக்க முடியாது. முடியாது என்று சொல்லும்போதே, என்ன செய்யலாம் என்பதையும் கையில் வைத்துக்கொண்டு போ. மேனேஜருக்குப் பிரச்சினையைக் கொண்டுபோகிறவனைவிட, கோர் டெஸ்ட் எவ்வளவு ஆகும், எத்தனை நாள் ஆகும் என்று விசாரித்துக்கொண்டு போகிறவன் சொல்வதுதான் எடுபடும்.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்காகக் கோவை போனபோது அந்தக் கட்டடத்துக்குப் போனேன். ஸ்டில்ட்டில் அந்த மூன்று தூண்களும் மற்றவற்றைவிடப் பருமனாக நின்றன. ஒன்றின் மூலையில் கார்கள் உரசி உரசிப் பெயிண்ட் போயிருந்தது. வண்டியைப் பின்னால் எடுக்கச் சிரமப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்குக் கை காட்டி உதவினேன். இறங்கி வந்து, "யாரு கட்டுனாங்கன்னே தெரியலைங்க, இந்த மூணு தூணை மட்டும் இப்படிக் குண்டாக் கட்டி வெச்சுட்டாங்க" என்று சலித்துக்கொண்டார்.

நான்தான் கட்டினேன் என்று சொன்னேன். ஏன் பருமன் என்பதையும் சொன்னேன், தண்ணீர், கியூப், கோர் எல்லாம். அவர் தூணில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரிங்க. மத்த தூணெல்லாம்?" என்றார்.

அன்று கூடப் போட்ட மற்ற மூன்றும் எவை என்று கை நீட்டிக் காட்டி, அவற்றில் எடுத்த கோர் தேறியதைச் சொன்னேன். மீதி பதினாறு தூண்களுக்கு நான் கூடவே நின்று மெஷினிலிருந்து எடுத்த கியூப்களின் முடிவுகளைச் சொன்னேன். அஸ்திவாரத்தில் இரண்டைத்தான் தோண்டிப் பார்த்தோம், மற்றவற்றை டிசைனர் குறைந்த பலத்துக்குக் கணக்குப் போட்டுச் சரி பார்த்தார், அந்த அஸ்திவாரங்களின் ரிஜிஸ்டரில் நான் எழுதிய எண்கள் உண்மையானவை அல்ல என்பதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, மாடியில் காபி சாப்பிட்டுவிட்டுப் போகலாம் வாங்க, இதையெல்லாம் எங்க சங்கத்துச் செகரட்டரிகிட்டயும் ஒருதடவை சொல்லிடுங்க என்றார். போனேன்.